மரியா, வெளிய மழையா?

நான் குழாயடியில் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் கணவர் பெர்னார்ட் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். பீடோங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் வானொலி நிலையம். இணைய ஒலிபரப்பு, பழைய கன்ட்ரி பாட்டு மட்டும். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா வந்தால் குடும்பமே அங்கே போய்த் தங்கிவிடும். அந்த நாள்களுக்கென்று ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பார். கணினி அதையே காலைதோறும் போடும். மற்ற நாள்களில் நேரடிப் பேச்சுதான். எதையும் சேர்த்து வைத்ததில்லை.

நேரடியாகப் பேசும்போது நடுவில் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மரியா, வெளிய மழையா?" என்பார். நான் கத்திச் சொல்வேன். நேயர்களுக்கு அது பிடிக்கும். அன்று பதிவு என்பதை மறந்து கேட்டுவிட்டார். நான் பேசவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்.

"பழக்கத்துல கேட்டுட்டேன். அப்புறம் வெட்டிக்கலாம் லா," என்று வந்து மீனை எட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"உங்களுக்கு வாலு போதும்."

அன்று மாலை மெழுகுவர்த்திப் பெட்டியைக் காரில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் திருவிழா தொடங்கியது. கணினி அவர் குரலை அனுப்பியது.

"அண்ணி, நிறுத்திடவா?" என்றான் அவர் தம்பி அமலன்.

"வேணாம். அவரு பேசினது இது ஒன்னுதான் மிச்சம்."

கேள்வி வந்தது. அடுப்படியிலிருந்து, "இல்ல, வெயிலு," என்று மெதுவாகச் சொன்னேன். மைக் அணைந்தே இருந்தது.

மதியம் மசாலைக் கடை லோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நேரத்துலயும் ரேடியோல வெயிலுன்னு சொன்னீங்களேக்கா. அழுதுட்டேன்."

அமலன் பதிவைத் திறந்து பார்த்தான். கேள்விக்குப் பிறகு மௌனம்தான். "அந்தக்கா சும்மா சொல்லுது," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெக்கைக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்து, கதவைப் பூட்டிவிட்டு, இருவரும் லோகேஸ்வரியின் கடைக்குப் போனோம். எங்கள் ஒலிபரப்பைப் போட்டுக் கைப்பேசியைத் தராசுத் தட்டில் வைத்தாள். தெருவில் கண் கூசும் வெயில். அவர் கேட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கைப்பேசியில் என் குரல் சொன்னது: "மழைதாங்க. ஜன்னலச் சாத்திட்டேன்."

லோகேஸ்வரி என் வாயைப் பார்த்தாள். பிறகு சாமி படத்தைப் பார்த்தாள்.

திரும்பி வந்தோம். சாலை காய்ந்து கிடந்தது. வீட்டில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

"அழிச்சிடலாம் அண்ணி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். ஆனால் அவர் கேட்டுவிட்டு இனி வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. "அவருக்குப் பதில் கிடைக்குதுல்ல. இருக்கட்டும்டா," என்றேன்.

இப்போது மைக் முன் அமலன் உட்காருகிறான். ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு அந்தப் பதிவுதான் போகிறது. அந்த நாள்களில் எப்போதும்போல வீட்டைப் பூட்டி, அவரையும் அந்தக் குரலையும் உள்ளே பேசவிட்டு, எல்லோரும் புக்கிட் மெர்தாஜாம் போய்விடுகிறோம்.