கை விரியாத நாட்கள்

அன்று மத்தியானம் மனோரமா சோறு போட்டு வைத்தபோதுதான் கணவரின் இடது கையைக் கவனித்தாள். தீனதயாளன் வலது கையால் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது, எதையோ இறுக்கிப் பிடித்ததுபோல் விரல்கள் மடங்கி. கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் விரியுங்கள் என்றாள். அவர் விரிக்கப் பார்த்தார். விரல்கள் அசையவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீனதயாளன் சென்னைக்கும் திருத்தணிக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் மோட்டார்மேன். பதினாறு வருட சர்வீஸ். அந்த வண்டியில் இடது கையால் ஒரு கைப்பிடியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுபவர் மயங்கி விழுந்தாலோ தூங்கிப்போனாலோ கை தளரும், வண்டி தானாக நின்றுவிடும். பதினாறு வருடமாக அவருடைய இடது கைக்குத் தெரிந்த ஒரே வேலை, விடாமல் இருப்பது.

அன்று காலை பத்தரை மணிக்கு இச்சிபுத்தூர் தாண்டி வண்டி வந்துகொண்டிருந்தது. வீடு இருக்கும் திருத்தணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். வளைவு நேரானதும் தண்டவாளத்தின்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும், நீலக் கட்டம் போட்ட லுங்கி. தீனதயாளன் ஹாரனை விடாமல் அடித்தார், வலது கையால் பிரேக்கை முழுக்கப் போட்டார். அவ்வளவு கனமுள்ள வண்டி அத்தனை சீக்கிரம் நிற்காது. அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி சட்டை மாற்றும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படித் திருப்பிக்கொண்டார்.

வண்டி நின்றதும் பின்பக்கத்திலிருந்து கார்டு முஸ்தஃபா இறங்கி நடந்து வந்தார். அரக்கோணத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தீனதயாளனை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்க்கவேண்டியதை அவரே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கேபினில் ஏறியபோது, நின்றுபோன வண்டியின் கைப்பிடியை தீனதயாளன் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். முஸ்தஃபாதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

இது ஐந்தாவது ஆள். முதல் நால்வரைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது. மனோரமாவுக்கு இரண்டு பேரைத் தெரியும், மற்ற இருவரைத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவர் வேலைக்குப் போயிருக்கிறார். இந்த முறையும் அப்படித்தான் நினைத்தார். மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள். நான்காம் நாள் அரக்கோணத்தில் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடப் போனவரின் கையை அதிகாரி பார்த்துவிட்டு மருத்துவ விடுப்பில் அனுப்பினார்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாயிருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் நரம்பும் சரி என்றார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. நடந்ததையெல்லாம் தீனதயாளன் அவரிடம் தெளிவாகச் சொன்னார், வேறு யாருக்கோ நடந்ததுபோல. சொல்லி முடித்து வெளியே வந்தபோதும் கை மூடியேதான் இருந்தது.

வெந்நீரில் வைத்தால் விரல்கள் கொஞ்சம் பிரியும், அரைமணி நேரத்தில் திரும்ப மடங்கிவிடும். கை மட்டுமல்ல. காலையில் எழுந்தால் தாடை வலித்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்றாள் மனோரமா. தோள்கள் காதுவரை ஏறி நின்றன. ஒரு வேலையும் செய்யாமலே பகல் முழுக்க மூட்டை சுமந்தவர்போல் களைத்துக் கிடந்தார். மனோரமா அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்து, அத்தனை பேரின் எடையையும் போட்டோவையும் செல்போனில் ஏற்றிவிட்டு மாலையில் வருவாள். இருவரும் டிவி முன்னால் உட்காருவார்கள். டிவி ஓடும், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மகள் யுவஸ்ரீ வேலூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் எல்லாம் நன்றாயிருக்கிறது என்பார்கள்.

நாற்பது நாள் கழித்து முஸ்தஃபா பார்க்க வந்தார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு, தன் தங்கை சுபியா அரக்கோணம் பழனிப்பேட்டையில் பிசியோதெரபி செய்கிறாள், ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்றார். தீனதயாளனுக்கு நம்பிக்கையில்லை. மறுப்பதற்கும் தெம்பில்லை. போனார்.

ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். சுபியாவுக்கு நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து பக்கவாதம் வந்தவர்களைத் தூக்கி நிறுத்தி, நடக்கவைத்து, அவளே சுவரில் சாய்ந்துதான் நின்றாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். தோளை, முதுகை, தொடையை அழுத்திப் பார்த்தாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணா, அன்னிக்கி ஒடம்பு எழுந்து ஓடணும்னு நெனச்சிருக்கும். நீங்க சீட்ட வுட்டு எழல."

"எப்டிம்மா எழறது? பின்னால ஆயிரம் பேரு ஒக்காந்துகினு இருக்காங்க."

"ஆங், சரிதான். நீங்க எழல. ஆனா கால் ஓடறதுக்கு ரெடியாத்தான் நின்னுகினு இருக்குது, இன்னும். கைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கால் பண்ணவேண்டியத பண்ணி முடிக்கட்டும்."

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல் முட்டியை மடக்கி நிற்கச் சொன்னாள். மூன்று நிமிடத்தில் தொடை எரிந்தது. பிறகு பாயில் மல்லாந்து படுத்து, பாதங்களை ஒன்றோடொன்று சேர்த்து, இருபுறமும் விரிந்த முட்டிகளை மெல்ல மெல்ல மேலே கொண்டுவரச் சொன்னாள். ஓர் இடத்தில் வலது தொடை துடித்தது. தீனதயாளன் அதை உடனே இறுக்கினார், துடிப்பு நின்றது. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் இறுக்கினார்.

"நீங்க அத்த புடிச்சி நிறுத்தறீங்கண்ணா."

தெரியாமல்தான் செய்கிறேன் என்றார். தெரியும், எல்லாரும் அப்படித்தான் என்றாள். தொடை நடுங்குவதைப் பயந்தவனின் அடையாளமாகத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதனால் வெட்கமாக இருக்கும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள் என்றாள். ஆடினால் ஆடவிட வேண்டும். அதிகமானால் காலை நீட்டினால் போதும், நின்றுவிடும். ஒருநாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவர் தினமும் மாலையில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. தொடை வலி மட்டும் கூடியது. ஒன்பதாம் நாள் அவருக்கு எல்லாவற்றிலும் சலிப்பு. இறுக்கிப் பிடிக்கவும் அலுப்பாயிருந்தது. முட்டிகள் பாதி உயரம் வந்தபோது தொடைகள் நடுங்கத் தொடங்கின, அவர் விட்டுவிட்டார். நடுக்கம் இடுப்புக்கு ஏறியது. இடுப்பிலிருந்து முதுகுக்குப் போனது. தலை பாயில் தட்டத் தொடங்கியது. பக்கத்திலிருந்த இரும்பு பீரோவின் கதவு கடகடத்தது.

சமையலறையிலிருந்து மனோரமா ஓடிவந்தாள். வலிப்பு என்று நினைத்து அவள் சாவிக்கொத்தை எடுத்துவிட்டாள். அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல மனோ. புடிக்காத. நானா வுட்டதுதான் இது."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இருபத்தொரு வருடமாக இந்த மனிதருக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்தவள் அவள். இப்போது கண்ணெதிரே உடம்பு முழுக்க உதறுகிறது, தொடக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்தைப்போல் நீளமான நேரத்தை அவள் பார்த்ததில்லை.

அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது இச்சிபுத்தூர் மனிதர் அல்ல. முதல் ஆள். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், மழைக்காலம், ஒரு பெண். முகம்கூடத் தெரியவில்லை, குடைதான் தெரிந்தது. அன்று எட்டு நிமிடத்தில் வண்டியை மறுபடி எடுத்துவிட்டார். கடைசி ஸ்டேஷனில் தயிர்சாதம் சாப்பிட்டார். நன்றாயிருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் வந்தது. தீனதயாளன் வாயைத் திறந்து மூச்சு விட்டார். அது அழுகையாக வந்தது. காலை நீட்டினார். நடுக்கம் மெல்ல அடங்கியது.

"அந்த பொம்பள கொடைய மடக்கவே இல்ல மனோ" என்றார். அப்புறம் நால்வரையும் ஒவ்வொருவராகச் சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தபோதும் அவள் எழுந்து போகவில்லை.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் நடுக்கம் வந்தது, சில நாள் வரவில்லை. ஒருமுறை வந்தபிறகு இரண்டு நாள் எரிச்சலோடு இருந்தார், மனோரமாவிடம் கத்தினார். சுபியா வாரம் ஒருமுறை வரச்சொல்லிக் கையை உதறவைத்தாள், தோளைச் சுழற்றவைத்தாள், ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து விடச்சொன்னாள். பிடிப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்யச் சொன்னாள். ஒருநாள் கொசு கடித்த பாதத்தை தீனதயாளன் சொறிந்துகொண்டிருந்தபோது, இடது கையால் சொறிகிறார் என்று மனோரமாதான் சொன்னாள். அவர் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. உள்ளங்கை வெளுத்து, ஈரமாக, கட்டுப் பிரித்த புண்போல இருந்தது.

நான்கு மாதம் கழித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, சில நாள் இன்னொரு மோட்டார்மேனோடு கூட ஓட்டிப்பார்த்து, தனியாக வண்டியை எடுத்தார். வேறு வேலை கேட்டு வாங்கியிருக்கலாம். மனோரமா அதைத்தான் விரும்பினாள். அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது, புதிதாகக் கற்றுக்கொள்ளத் தெம்பும் இல்லை. அவள் வற்புறுத்தவில்லை. டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு அங்கன்வாடிக்குப் போனாள்.

இச்சிபுத்தூர் தாண்டி வளைவு நேரானது. தண்டவாளம் காலியாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. கை கைப்பிடியில் இருந்தது, எவ்வளவு அமுக்க வேண்டுமோ அவ்வளவு. கால்கள் மட்டும், கருவிப் பலகைக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் நடுங்கின. அவர் அவற்றை ஒன்றும் சொல்லவில்லை. சிக்னலைப் பார்த்தார், எப்போதும்போல நிறத்தை வாய்விட்டுச் சொன்னார். திருத்தணி மலை தெரிந்தபோது நடுக்கம் நின்றிருந்தது.

திருத்தணியில் வண்டி நின்றது. மொட்டை போட நேர்ந்துகொண்டு வந்த குடும்பங்கள் பைகளோடு இறங்கின. இந்த வண்டியைத் திருப்பத் தேவையில்லை, இரண்டு முனையிலும் கேபின் உண்டு. மோட்டார்மேன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், கார்டு அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் நடப்பார்கள். அன்று கார்டு முஸ்தஃபாதான். பிளாட்பாரத்தின் நடுவில், தண்ணீர்க் குழாய்க்கருகே இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

எப்படி இருந்தது என்று முஸ்தஃபா கேட்டார்.

"கால் ஆடிச்சி. வுட்டுட்டேன்."

முஸ்தஃபா தலையசைத்தார். குழாயைத் திறந்து முகம் கழுவினார். அவர் குனிந்து நிமிர்ந்த விதத்தை தீனதயாளன் அப்போதுதான் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை, உடம்பையே முழுதாகத் திருப்பினார். ஐந்து முறையும் கீழே இறங்கிப் போனது இவரோ இவரைப்போல் ஒருவரோதான் என்பது தோன்றியது.

"எத்தினி நாளா கழுத்து இப்டி?"

"அது கெடக்குது, வருசக்கணக்கா" என்றார் முஸ்தஃபா, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி. பிறகு, தங்கையிடம் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது, அவளுக்கு அண்ணன் என்றால் பயமில்லாதவன் என்றார். வெட்கமாயிருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஓய்வுநாள், சுபியாவிடம் தானும் கூட வருவதாகச் சொன்னார் தீனதயாளன். பத்து மணிக்கு மேலே வா, அதுவரை அவளிடம் கூட்டமிருக்கும் என்றார் முஸ்தஃபா. நேரமாகிவிட்டதால் இருவரும் அவரவர் முனைக்கு நடந்தார்கள்.