உலர்மாடியில் என் மூக்கு

எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை கிடைப்பது என் மூக்கால்தான். அழகாலும் இல்லை, சமையலாலும் இல்லை. செப்டம்பர் கடைசியில் பறித்த திராட்சையை மாடியில் மூங்கில் தட்டுகளில் பரப்பி, ஜனவரி வரை வாட விடுவோம். பழம் சுருங்கினால்தான் எங்கள் வெரோனாப் பக்கத்துக் கசப்பு ஒயினான அமரோனே கெட்டியாகும், அதன் கசப்பும் கூடும். ஒரு குலையில் பூஞ்சை பிடித்தால் போதும், பக்கத்துத் தட்டுக்குத் தாவிவிடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வாடை வந்துவிடும். முப்பது வருடமாக அதைப் பிடிப்பவள் நான். காலையில் மாடிக் கதவைத் திறந்து மூச்சை இழுத்து, "நல்லாருக்கு" என்பேன். அதற்குப் பிறகுதான் என் கணவன் ஜெலிந்தோ காபியைத் தொடுவான்.

நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது.

அடுப்பில் காபி கருகி, புகை கண்ணை எரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. பூண்டை நசுக்கி முகர்ந்தேன். வினிகர் பாட்டிலில் மூக்கை நுழைத்தேன். ஒன்றுமே இல்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வருடம்தான் கூட்டுறவு ஒயின் ஆலைக்கு ஒரு குலைகூடக் கொடுக்காமல் அத்தனையையும் மாடியில் ஏற்றியிருந்தோம். எங்கள் பெயரில் விற்பனைக்கு வரப்போகும் முதல் ஒயின். ஜெலிந்தோ வேண்டாம் என்றுதான் சொன்னான். "எம் மூக்கு இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று மல்லுக்கு நின்றது நான். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அந்த வாரம் பார்த்து மரானோ பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கியது. ஜன்னல்களை அடைத்தோம். காற்றில்லாத மாடியை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தட்டு தட்டாகப் பார்த்தேன். காம்பை ஒடித்தேன், பழத்தை நசுக்கித் தடவினேன். ஜெலிந்தோ வாசலில் நிற்பான்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"நெசமாவா?"

"எம் மூக்கு மேலயே சந்தேகமா?"

தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவான். என்னிடம் அவனுக்குள்ள பயம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூடுபனி இறங்கிய ஐந்தாம் நாள் கொழுந்தன் அத்திலியோ வந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, யாரோ இனிப்பு ஒயின் பீப்பாயை மறந்துட்டுப் போனதாலதான் இந்தக் கசப்பு ஒயினே பொறந்துச்சுன்னு சொல்லுவாங்க. நீங்க எதையும் மறந்துடலையே?" என்று சிரித்தபடி படியேறினான். கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

"அய்யோ, என்ன நாத்தம் அண்ணி! நனைஞ்ச சாக்கு மாதிரி!"

நேராகத் தூணுக்குப் பின்னால் போனான். சுவரை ஒட்டிய அடித்தட்டுகள், என் கண்ணும் கையும் எட்டாத மூலை. ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். பழங்களின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. பதினோரு தட்டுகள் போயிருந்தன. மற்றவை என்ன கதி என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சத்தம் கேட்டு ஏறி வந்த ஜெலிந்தோ ஒரு தட்டைக் கையில் எடுத்தான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு வாசனையே தெரியல ஜெலிந்தோ. பத்து நாளாச்சு. பொய் சொல்லிட்டேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எனக்கு மூணு நாளா நாத்தம் அடிச்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதான் நல்லாருக்குன்னியே. முப்பது வருஷத்துல நீ ஒருநாள் தப்பாச் சொன்னதில்ல. எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தான். வெரோனாவில் மூக்கு டாக்டர், வியாழக்கிழமை பத்து மணி, அவன் பெயருக்கு.

"நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அடுத்த தட்டை முகர்ந்து பார்க்கக் குனிந்தான்.