பழனிக்குப் போகாத மொட்டை

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதையில் சிரிக்க வேண்டிய இடம் உங்கள் காதுக்கு எட்டாது. சிரிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் சிரித்த வாயை உடனே மூடிக்கொள்ள வேண்டிவரும். இருளம்மாள் மொட்டைத் தலையோடு இட்லிக் கடை நடத்திய கதையைச் சொல்கிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன், என் பங்கையும்கூட.

கூடலூரில் குமுளி போகும் சாலையோரம் அவள் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, முகப்பிலேயே அடுப்பு. விடியற்காலையில் அந்தக் கடை வாசலில்தான் ஜீப்புகள் வந்து நிற்கும். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு எங்களைக் கூலிக்கு ஏற்றிப் போகும் ஜீப்புகள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் ஏறுவோம். ஏறும் முன்னே ஆளுக்கு நாலு இட்லி, மதியத்துக்குத் தூக்குவாளியில் கொஞ்சம். எங்களுக்குத் தலைவி மலையம்மாள். யார் வண்டியில் வரலாம், யார் டிரைவர் பக்கத்தில் உட்காரலாம் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், இருளம்மாளுக்கு மார்பில் கட்டி என்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். அப்படி ஆறு முறை ஏற்றிக் கட்டி சுருங்கிய பிறகுதான் அறுக்க முடியும். அவள் புருஷன் கர்ணன் பஸ்ஸில் திரும்பி வரும்போதே சொல்லிவிட்டான்.

"இங்கருடி. வெளிய மூச்சு விடாத. ஒட்டுற சீக்குன்னு ஒரு வார்த்தை கிளம்புச்சு, கடை அன்னைக்கே முடிஞ்சது."

அவளுக்கும் கடை வேண்டும். ஆனால் யாவாரத்துக்காக மட்டும் இல்லை. மருந்து ஏறிய மூன்று நாள் குடலைப் பிடுங்கும் வாந்தி, நாக்கில் துருப்பிடித்த ருசி, சுவரைப் பார்த்துப் படுக்கை. நாலாம் நாள் எழுந்து அடுப்புக்கு முன்னால் நின்றால்தான் அவளுக்குத் தான் இருளம்மாள் என்பது ஞாபகம் வரும். தாளிப்பு வாசனை பிரட்டும். எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வாள். நாங்கள், "என்ன மதினி, கொள்ளைக்காரியாட்டம் நிக்கிறீக?" என்போம். "ஆமாடி, ஒழுங்கா துட்டை எடுத்து வச்சிட்டுத் தின்னுங்க" என்பாள். கடையே அதிரும். அந்தக் காலை நேரம் ஒன்றரை மணிதான் அவளுக்கு நோய் இல்லாத நேரம். இதையெல்லாம் பல வருஷம் கழித்து அவள் வாயால் கேட்டேன். அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது மருந்து ஏறும் முன்பே முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சத்தையும் மழித்துக்கொண்டு வந்து நின்றாள். நம் பக்கத்தில் மொட்டைக்கு ஒரே அர்த்தம்தானே? மலையம்மாள் கேட்டாள்:

"ஏ இருளு, யாருக்குடி மொட்டை? பழனிக்கா?"

இருளம்மாள் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து கர்ணன் குரல் வந்தது. "ஆமாக்கா, பழனிதான். பழைய நேத்திக்கடன்."

"பழனின்னா பஞ்சாமிர்தம் எங்க? மொட்டையை மட்டும் காட்டிட்டு நிக்கிற. சாமிக்குக் குடுத்ததை நீ வச்சுக்கிட்டு, சாமி குடுத்ததை எங்களுக்குக் குடுடி!"

எல்லோரும் சிரித்தோம். மொட்டை போட்டுவிட்டுப் பஞ்சாமிர்தம் கொடுக்காதவள் எங்கே முகத்தைக் கொண்டுபோய் வைப்பாள்? "நாளைக்குத் தாரேன் மதினி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மதியம் மலைவாழைப் பழமும் நாட்டுச்சர்க்கரையும் வாங்கிவரச் சொன்னாள். பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். ஏலக்காய் எங்கள் முந்தானை முடிச்சிலிருந்தே அவளுக்கு அவ்வப்போது போவதுதான். பிசையும்போது சிரிப்பு வந்ததாம், பயமும் வந்ததாம். "முருகா, கோவிச்சுக்காத. ஒரு நாளைக்கு உன் வேலையை நான் பாத்துக்கிறேன்" என்றாளாம்.

மறுநாள் உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, புறங்கைவரை நக்கினோம்.

"மலையில வாங்குறதைவிட இது நல்லாருக்கேடி" என்றாள் மலையம்மாள்.

"உங்களுக்குன்னு தனியாக் கேட்டு வாங்கியாந்தேன்" என்றாள் இருளம்மாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது மருந்தில் புருவமும் போயிற்று, இமை முடியும் போயிற்று. கண்ணாடி பார்த்து மையால் புருவம் எழுதிக்கொண்டு வந்தாள். சித்திரை மாத வெக்கை. இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. இடது புருவம் கரைந்து கன்னத்தில் இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. "சூடா இருக்கு, ஊதித் தின்னுங்க" என்று தட்டை நீட்டினாள்.

மலையம்மாள் தட்டை வாங்கவில்லை. எழுந்து போய் இருளம்மாளின் தாடையை ஒரு கையால் பிடித்தாள். மறு கைக் கட்டைவிரலால் வலது புருவத்தை அழுத்தித் தேய்த்தாள். அதுவும் போயிற்று. விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள்.

"பழனியில இப்பப் புருவத்தையுமா செரைக்காக?"

லூர்து மேரி என்று எங்களோடு வரும் பெண். அவள் சின்னம்மா இதே நோயில் போனவள். மேரிதான் மெதுவாகச் சொன்னாள். "மருந்து ஏத்துனா இப்பிடித்தான் கொட்டும். இது புத்துநோவு."

"அப்ப அன்னைக்கு நாங்க தின்னது?" என்றாள் மலையம்மாள்.

இருளம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் பிசைஞ்சதுதான் மதினி. நல்ல பழம், நல்ல நெய்."

"சாமி பேரைச் சொல்லிச் சீக்கைப் பிசைஞ்சு ஊட்டியிருக்கா. அதைக் கண்ணுல வேற ஒத்துனோம். ஏறுங்கடி வண்டியில!"

தின்று ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்த பஞ்சாமிர்தத்துக்காக, மண்ணில் மூன்று முறை துப்பிவிட்டு ஏறினாள். அடுத்த நாள் ஜீப் கடையைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

கர்ணன் நாலு நாள் பார்த்தான். ஐந்தாம் நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து தன் தங்கை பேச்சியம்மாளைக் கூட்டி வந்து அடுப்பில் நிறுத்தினான். "பெண்டாட்டிக்கும் கடைக்கும் இனிச் சம்பந்தம் இல்லை" என்று ஜீப் ஜீப்பாகப் போய்ச் சொன்னான். மறுபடி அங்கே போனோம். பேச்சி பாவம், நல்லவள். ஆனால் சமைக்கத் தெரியாது. இட்லி செங்கல். சட்னியில் பொட்டுக்கடலை மட்டும் மிதந்தது. மலையம்மாள் ஒரு வாய் தின்று தட்டைத் தள்ளினாள்.

அன்று மாலை கர்ணன், அடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டினான்.

"நீ உள்ள இருந்து செஞ்சு குடு. பேச்சி வெளிய இருந்து போடட்டும். இருமாத. வளையலைக் கழட்டிரு, சத்தம் கேக்கும்."

கழற்றினாள். வேறு என்ன செய்வாள்? அடுப்புச் சூடாவது கிடைக்கிறதே என்று உட்கார்ந்தாள்.

மறுநாள் நாங்கள் வாயில் வைத்தோம். பழைய இட்லி. பழைய சட்னி.

"அட, இதுல்ல கை!" என்றாள் மலையம்மாள். "அந்தச் சீக்காளி போனதும்தான் கடைக்கே ருசி வந்திருக்கு."

திரைக்குப் பின்னால் இருளம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாளாம். வைகாசி முழுதும் அப்படியே போயிற்று. தினமும் எங்கள் பாராட்டைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சந்தோசமாத்தாண்டி இருந்துச்சு" என்றாள் என்னிடம். "ஆனா எம் பேரைச் சொல்லி ஒருத்தியும் சண்டைக்கு வரலியே. அதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

ஆனி பிறந்த வாரம். நன்றாகச் சாரல். தின்றுகொண்டே மலையம்மாள் கர்ணனைக் கேட்டாள்.

"ஏப்பா, அவ எப்பிடி இருக்கா?"

கர்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். குரலை இறக்கினான். "என்னத்தக்கா சொல்ல. அவ ஆத்தா வீட்டுல கெடக்கா. டாக்டரு கைவிட்டாக. இந்த மாசம் தாண்டாது."

பொய். ஐந்தாவது மருந்து ஏறிக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். பெண்டாட்டி சாகப் போகிறாள் என்றால் ஜீப்புக்காரிகள் இரக்கப்பட்டு வருவார்கள் என்று அவன் ஒரு கணக்குப் போட்டான்.

நாங்கள் உச்சுக் கொட்டினோம். "பாவம், சட்டுனு போய்ச் சேந்தாச் சரி" என்றாள் ஒருத்தி. அந்த ஒருத்தி நான்தான், கண்ணுகளா.

மலையம்மாள் பெருமூச்சு விட்டாள். "எல்லாம் சாமியை ஏமாத்துன பாவம். ஏ பேச்சி, சட்னி இன்னுங் கொஞ்சம் ஊத்துடி."

திரை விலகியது. சட்னி வாளியோடு வெளியே வந்தவள் பேச்சி இல்லை. மொட்டைத் தலை, புருவம் இல்லாத நெற்றி, வளையல் இல்லாத கை. நேராக மலையம்மாளிடம் வந்து, அவள் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"போதுமா மதினி? இன்னும் ஊத்தட்டா?"

"எத்தன நாளா?" என்றாள் மலையம்மாள்.

"பேச்சி வந்த ரெண்டாம் நாள்ல இருந்து. தின்னது எல்லாம் எங் கைதான். யாருக்கு என்ன வந்துச்சு? யாருக்காச்சும் முடி கொட்டியிருக்கா?"

மலையம்மாள் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போயிற்று. தட்டைக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய் ஜீப்புக்குப் பின்னால் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சாரலில் சாக்கடை ஓரமாக வரிசையாக நின்று ஓங்கரித்தோம். என் வாயில் ஒரு கவளம் இருந்தது. விழுங்கியிருக்கலாம். ருசியாகத்தான் இருந்தது. துப்பினேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம்.

"நல்லா எடுங்கடி! நான் மூணு வாரத்துக்கு ஒருக்கா இப்பிடித்தான் எடுக்கேன். தனியாவே எடுத்து எடுத்துச் சடஞ்சு போனேன். இன்னைக்குத்தான் தொணைக்கு ஆளு கெடச்சிருக்கு!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கர்ணன் அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிச் சாலையில் வீசினான். "கடையைக் கொன்னுட்டியேடி!"

"நீ என்னைக் கொன்னியே, இத்தன பேருக்கு முன்னாடி. அதுக்கு இது சின்னது" என்றாள்.

அன்றோடு ஜீப்புகள் வேறு கடை வாசலுக்கு மாறின. பேச்சி ஊருக்குப் போய்விட்டாள். கர்ணன் ஒரு கட்டட வேலைக்குப் போய், மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. இருளம்மாள் திரையை அவிழ்த்து, அதையே தலையில் சுற்றிக்கொண்டு, முகப்பில் அடுப்பை மூட்டினாள். முந்நூறு இட்லி போன இடத்தில் முப்பது போகும். அதுவும் விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள், குமுளி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் தின்பது. ஆறாவது மருந்து ஏறியது. மார்பை அறுத்தார்கள். கூடப் போக ஆளில்லாமல் லூர்து மேரியின் கைபிடித்துப் போய்வந்தாள். பிழைத்தாள். முடி சுருள் சுருளாக, நரைத்து முளைத்தது.

தினமும் எங்கள் ஜீப் அந்த வழியாகத்தான் போகும். கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கத்துவாள்: "ஏ மலையம்மா! வயிறு சரியாயிருச்சா?" வண்டிக்குள் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். எனக்குக் கையை அசைக்க வேண்டும்போல இருக்கும். பக்கத்தில் மலையம்மாள் உட்கார்ந்திருப்பாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் அசைத்ததில்லை.

முழங்கால் போய், தோட்ட வேலை விட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அது தைரியம் இல்லை. இனி மலையம்மாளால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருளம்மாள் என்னைப் பார்த்தாள். மூன்று இட்லி வைத்து, சட்னி ஊற்றினாள். நகராமல் எனக்கு முன்னாலேயே நின்றாள்.

நான் ஒரு வாய் வைத்துக்கொண்டு, "மதினி, அன்னைக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"முழுங்கு" என்றாள். "முழுங்கிட்டுப் பேசு."

கதை அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரியட்டும். உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, உங்களோடு சிரித்து, உங்களோடு சண்டை போட்டு, நெடுநாள் நல்லபடியாக இருக்கட்டும்.