அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும்

என் மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது. ஆறு வயசு. பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், ஆனால் வாயில் வருவது வாண்டு என்றுதான். அவள் அப்பா லாரியோடு போனால் பத்து நாளைக்கு ஆள் கிடையாது. எட்டு மணிக்கு அவளைப் பள்ளியில் விட்டு, எட்டரைக்கு நான் மைக் முன்னால் இருக்க வேண்டும். மணி ஏழே முக்கால். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, வாஷிங் மெஷின் பாதியை அடைத்துக்கொண்ட சந்தில், நான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் ஒரு பாடம் எடுத்தார். வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்றால் கூட்டம் கவுண்டரைப் பெயர்த்துவிடும். அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் என்று சொன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். மறுபடி கேட்டால் மறுபடி அதே அஞ்சு நிமிஷம். எனக்கு அது கைவந்த கலை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நான் ஏறிய பஸ் பாலத்தின் மேல் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. பள்ளிக் காவலாளியின் ஃபோனில் வாண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் கண்ணு" என்றேன். பதினோரு தடவை சொன்னேனாம். அவள்தான் எண்ணியிருக்கிறாள். அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளப்புவதற்குள் என் உயிர் போய் உயிர் வருகிறது.

"வாண்டு, கதவைத் தற. மணி என்ன ஆச்சு தெரியுமா?"

"அஞ்சு நிமிஷத்துல வரேம்மா."

அழுகை இல்லை, அடம் இல்லை. மைக்கில் நான் பேசுகிற அதே வழவழ குரல். மூன்றாவது தடவையாக அதையே சொல்கிறாள். உள்ளே குழாய் வேறு திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணிய நிறுத்துடி. ஸ்கூலுக்குப் போகாம இருக்க இது ஒரு வழியா?"

ஃபோன் அடித்தது. சூப்பர்வைசர்.

"இன்னைக்கும் லேட்டாகுமாம்மா?"

"இல்ல சார், அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடறேன்."

குழாய் நின்றது.

"அவருக்கும் அஞ்சு நிமிஷமா?" என்றாள் வாண்டு.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சந்தில் அப்படியே உட்கார்ந்தேன். கதவின் அடி இடுக்கில் இரண்டு கால் கட்டைவிரல்கள் தெரிந்தன. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் என் பொய். அவள் காதில் விழும்படி சூப்பர்வைசருக்கு நானே ஃபோன் போட்டேன்.

"சார், நான் எப்ப வருவேன்னு தெரியல. எம்பொண்ணு பயந்துபோய் உள்ள இருக்கா. கதவத் தறக்க மாட்டேங்கறா. வேற யாரையாவது உக்கார வைங்க."

அவர் ஏதோ முனகிவிட்டு வைத்தார்.

"தெரியலன்னு சொல்லலாமாம்மா?"

"சொல்லலாம். அன்னைக்கே உங்கிட்டயும் சொல்லியிருக்கணும். நீ பயப்படுவேன்னு சொல்லல. தப்பு என்மேலதான்."

இடுக்கில் தெரிந்த கட்டைவிரல்கள் கதவோடு ஒட்டிக்கொண்டன.

"நீ பொய் சொல்றேன்னு அன்னைக்கே தெரியும். ஏன் சொல்றேன்னுதான் தெரியல. பஸ் மோதிடுச்சு, உனக்கு ரத்தம் வருது, அத மறைக்கிறேன்னு நெனச்சேன்."

இரண்டு மணி நேரம், ஒரு குழந்தை, அந்த நினைப்போடு. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வெறும் டிராஃபிக் ஜாம்.

"இப்ப வெளிய வாடி. ஸ்கூல் வேண்டாம். சும்மா வா."

"வர முடியலம்மா."

"ஏன்?"

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. உள்ள வந்த உடனேயே. இழுத்து இழுத்துப் பாத்தேன். அந்தச் சத்தம் உனக்குக் கேக்கக் கூடாதுன்னு தண்ணியத் தறந்து விட்டேன்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவியே."

அரை மணி நேரமாக அவள் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே இருந்து என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். கதவைத் தோளால் இடித்தேன். அசையவில்லை. கீழ்வீட்டுத் தச்சருக்கு ஃபோன் செய்தேன். பட்டறைக்குப் பாதி வழி போய்விட்டாராம், திரும்பி வருகிறேன் என்றார்.

"எவ்ளோ நேரம் ஆகும்மா?"

நாக்கு நுனிக்கு அது வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியல கண்ணு. ரோட்டுல கூட்டம் ஜாஸ்தி. ரொம்ப நேரம்கூட ஆகலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் இந்தக் கதவ விட்டு எங்கயும் போகல."

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். வீடே அதிரும்படி, மூச்சு முட்ட, ஆறு வயசுக் குழந்தை அழுகிற மாதிரியே அழுதாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.