குழாயேறி வந்த முணுமுணுப்பு

எதைச் சாக்கடையில் விடலாம், எதை விடக்கூடாது என்ற விவஸ்தையே இப்போது ஜனங்களுக்குக் கிடையாது. எண்ணெய், தலைமுடியெல்லாம் போகட்டும். பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டுகிறார்களே, அந்த வசவும் தண்ணீரோடு கழிவுநீர் நிலையத்துக்குத்தான் போனது. பழைய தொட்டியிலிருந்து அது அழுக்கோடு அழுக்காக ஓடையில் கலந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஓடை பதினோரு வருஷம் நாறிய பிறகு, மூன்று மாதத்தில் தண்ணீர் தெளியாவிட்டால் நிலையத்துக்குப் பூட்டு, எங்கள் பக்கத்து நூற்று நாற்பது வீட்டுச் சாக்கடைக் குழாய்க்கும் அடைப்பு என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி எழுதிக் கொடுத்தார். புதுத் தொட்டி கட்ட இடமில்லை. இருந்த தொட்டிக்குள்ளேயே சவ்வு வடிகட்டியை இறக்கினார்கள். நரைத்த கூந்தல் மாதிரி கட்டுக்கட்டாக வெள்ளைக் குழல்கள். கிருமியே நுழையாத ஓட்டையில் வசவு எப்படி நுழையும்? நின்றுவிட்டது. அடியிலிருந்து காற்றுக் குமிழி ஓயாமல் குலுக்கினால்தான் ஒட்டியது உதிரும். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பிளான்ட்காரரோ பழைய வழக்கப்படி மத்தியானம் இரண்டு மணி நேரம் காற்று மோட்டாரை நிறுத்தி வைத்தார். மோட்டாருக்கும் மனுஷன் மாதிரி ஓய்வு வேண்டுமாம்.

இருபதாம் நாள் சவ்வு அடைத்துக்கொண்டது. தேங்கிய பேச்செல்லாம் குழாயேறி வீட்டுக்கு வந்தது. தையல்காரர் வீட்டுக் குளியலறை ஓட்டையிலிருந்து அவர் மனைவியின் குரல், "கிழவி காதுல பஞ்சு வெச்சிருக்கா, நாக்குக்கு வெக்கலையே" என்றது. மாமியார் அதைத் தெளிவாகக் கேட்டாள். மூன்று நாள் தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அதிகாரி வருகிறார். கோளாறு எங்கே என்று தெரியாமல் முழித்த பிளான்ட்காரர் தன் வீட்டில் கை கழுவும்போது, கழுவுதொட்டி ஓட்டை அவர் மனைவியின் குரலில் பேசியது: "காத்த நிறுத்தாதீங்கன்னு சவ்வு மாட்ட வந்தவன் தலப்பாடா அடிச்சுக்கிட்டான். இந்த மனுஷன் காதுல ஏறுனாத்தானே."

பக்கத்தில் மனைவி வாயே திறக்கவில்லை.

"இத எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்ட சொல்றதும் சாக்கடைகிட்ட சொல்றதும் ஒண்ணுதான். அதுவாவது திருப்பிச் சொல்லுது."

அவர் ஓடிப்போய்ச் சவ்வைத் தூக்கி பிளீச்சிங் தண்ணீரில் அலசி இறக்கி, மோட்டாரைப் போட்டார். குமிழிகள் ஒவ்வொரு வசவாக வெடித்தன. சாயங்காலத்துக்குள் வெறும் 'சனியனே'தான் மிச்சம்.

"என்னய்யா, காலி பாட்டிலக் குடுக்கற?" என்றார் மறுநாள் வந்த அதிகாரி, சோதனைக்கு நீட்டிய பாட்டிலைப் பார்த்து.

"சாச்சுப் பாருங்க சார்."

அவர் கால்சட்டை நனைந்தது. கையெழுத்துப் போட்டார். நூற்று நாற்பது வீடும் மூச்சு விட்டது. கிழவி பஞ்சை எடுத்துவிட்டாள்.

இப்போது மோட்டார் நிற்பதில்லை. பிளான்ட்காரர் மத்தியானம் தொட்டி ஓரமாகவே உட்கார்ந்து, வெடிக்கும் பேச்சைக் கேட்டபடி சாப்பிடுகிறார். போன வாரம் செடிக்கு ஊற்றச் சொல்லி எனக்கு ஒரு வாளி கொடுத்தார்.

"சுத்தமான தண்ணிண்ணே. ஒரு பேச்சு இருக்காது."

குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வீட்டுத் தண்ணீரில் ஒரு சத்தமும் இல்லையென்றால் எப்படி நம்புவது? வாளியை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.