விரல் தூக்காதவர்

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே யாராவது காரின் பின்னால் கேரவன் வீட்டை இழுத்து வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. என் கணவன் டாரிலுக்கு அது வேதவாக்கு. ஃப்ளிண்டர்ஸ் மலைகள் சாயங்கால வெயிலில் சிவந்து நின்றன. அவன் மலையையா பார்த்தான்? எதிரில் வருகிறவர்களின் விரலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

வெள்ளைக் கேரவனை இழுத்து வந்த கிழவர் விரலைத் தூக்கவில்லை.

"திமிரப் பாத்தியா நரெல்?"

"விட்டுத் தொலையேன். இந்தப் பயணத்துல யார் மேலயாவது கை வெச்சா, அதோட நம்ம உறவு முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கேன்."

"கை வெக்கல. சும்மா கேக்கப் போறேன்."

வண்டியைத் திருப்பி விரட்டினான். பின்னால் எங்கள் கேரவன் தாறுமாறாக ஆடியது. உள்ளே தட்டுகள் விழுந்து நொறுங்கின. கிழவரை முந்திக் குறுக்கே நிறுத்தினான்.

சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தான். "யோவ் கிழவா, ஒரு விரலத் தூக்கினா கொறஞ்சா போயிடுவ?"

"என் பொண்டாட்டிக்கு..." என்று அவர் தொடங்கி முடிப்பதற்குள் வாயில் குத்தினான். பல்லும் ரத்தமும் சேர்ந்து விழுந்தன. தரையில் கிடந்தவரின் கையைப் பூட்ஸால் மிதித்தான். எலும்பு ஒடிந்தது எனக்கே கேட்டது.

பாய்ந்து அவனைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கையால் இடித்ததில் என் உதடு கிழிந்தது. அப்போதுதான் அந்த வண்டிக்குள் பார்த்தேன். முன் இருக்கையில் ஒரு அம்மாள், முகமெல்லாம் வெளிறி. கணுக்காலிலிருந்து தொடை வரை துணி சுற்றியிருந்தது.

"பாம்பு கடிச்சிருச்சும்மா," என்றார் கிழவர். "கேரவனக் கழட்டக்கூட தோணல. ஒரு கையால அவளப் புடிச்சுக்கிட்டே ஓட்டுனேன். ஹாக்கர் ஊரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தக் கைய வெச்சு எப்படிம்மா ஓட்டுவேன்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான் டாரில்.

அவன்மேல் அன்றுவரை மிச்சமிருந்த பாசமும் எனக்கு அற்றுப்போனது. கிழவரை அவர் வண்டியின் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"தள்ளு நரெல், நான் ஓட்டறேன்."

இருக்கைக்கு அடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்தேன். கதவில் கை வைத்தான். ஓங்கி ஒரு அடி, அவன் விரல் முட்டிகளில். அலறிக்கொண்டு பின்வாங்கினான்.

எங்கள் கேரவனைச் சுற்றிச் சரளையில் இறக்கி ஓட்டினேன். அந்த அம்மாளுக்கு மூச்சு இருந்தது. சாலையோரம் நின்ற டாரில் மறு கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான், கெஞ்சுகிற முகத்தோடு. அந்த விரலில் கிழவரின் ரத்தம்.

நான் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவனைக் கடந்தேன்.