வியாழக்கிழமைப் பாட்டு

பெற்ற பிள்ளை வீறிட்டு அழும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், வியாழக்கிழமையானால் மட்டும் தலை சீவிக்கொண்டு பாட்டுப் பாடக் கிளம்பினால் எந்த நாத்தனாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்த எனக்கு வந்தது. தம்பியிடம் கேட்டேவிட்டேன்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு அங்கன்வாடியில என்னாடா கச்சேரி?"

தங்கதுரை பீங்கான் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். "ஆஸ்பத்திரில சொன்னாங்கக்கா. புள்ள பெத்த சில பேருக்கு மனசு வுட்டுப் போவுமாம். கூடிப் பாடுனா கொஞ்சம் தேறுமாம்."

"நாங்கள்லாம் பெக்கலையா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

கோபம் என்று நினைக்காதீர்கள், எனக்குப் பயம். ஒருநாள் தமிழினி பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, அந்த அண்டாவையே வெறித்துக்கொண்டு நின்றாள். நான் நிலவனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அவள் தடுக்கவே இல்லை. அன்றைக்கே, பிள்ளையைச் சேத்தியாத்தோப்புக்கு, என் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வியாழக்கிழமை நிலவன் துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அங்கன்வாடிக்கே போனேன். பாட்டு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம், அப்படியே பிள்ளையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

தெருமுனை திரும்பும்போது காதில் விழுந்தது. ஒப்பாரி. பெண்கள் கூடி இழுத்து இழுத்து அழும் அசல் எழவு வீட்டு ஒப்பாரி.

எனக்கு உயிரே போய்விட்டது. செய்துவிட்டாளா? ஐயோ, நான் பயந்த மாதிரியே செய்துவிட்டாளா?

ஓடினேன். கொண்டை அவிழ்ந்தது. எங்கள் பக்கத்தில் எழவு வீட்டுக்குள் நுழைகிறவள் சும்மா நுழைய மாட்டாள், தன் பங்குக்கு ஒரு வரி கட்டி அழுதுகொண்டேதான் நுழைவாள். நானும் பையை வாசலில் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தேன்.

"மல்லாட்டப் பூவாட்டம் வந்தவளே தமிழினி, உம்
மனசுல என்னான்னு ஒரு வார்த்த கேக்கலையே!"

வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களில் இருவர், பழக்கதோஷத்தில், கையை விரித்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாம் நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தேன். தமிழினி மடியில் நிலவன் காலை உதைத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"எந்த மூதேவிடீ பச்சப் புள்ளைங்கள மடியில வச்சிகிட்டு ஒப்பாரி வைக்கிறது?" என்று கத்தினேன்.

பாட்டு நடத்தும் நர்சு பாரதி எழுந்து வந்தாள். "மொதல்ல தாலாட்டுதாங்க பாட வச்சோம். ரெண்டு வரியில எல்லாரும் வாயடச்சிப் போயிட்டாங்க. 'கொஞ்சவே தோணல, பொய்யா எப்படிப் பாடுறது?'ன்னு கேட்டாங்க. ஒப்பாரின்னா அவங்க கொறைய அவங்களே கட்டிப் பாடலாமில்லீங்களா? அதான் மாத்திட்டோம்."

"நல்லா மாத்துன போ!"

தமிழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

"புள்ள செத்துப்போச்சின்னுதான அண்ணி ஓடியாந்தீங்க?"

நான் தலைகுனிந்தேன்.

"அப்ப ஏன் எம்பேர சொல்லி அழுவுறீங்க?"

"தெரியலடீ" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அழுகை மட்டும் திரும்ப வந்தது. அவள் ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி இன்னொரு கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள்.

துணிப்பை வாசலிலேயே கிடந்தது. நான் எழுந்துபோய் எடுக்கவில்லை.